வன்பொருள் விவரணக் கோப்பு: மனித வாசிப்பும் பொறி வாசிப்பும்

கணினியொன்று இயங்கத் தொடங்கும்போது, தான் எத்தகைய வன்பொருளின் மீது இயங்குகின்றது என்பதை அதன் இயக்குமுறைமை முதலில் அறிதல் வேண்டும். யு.எஸ்.பி. போன்ற இணைப்புக்களிற் பொருத்தப்படும் சாதனங்கள், வினவினால் தம்மைத் தாமே அறிமுகஞ் செய்வன. ஆனால், சிறு கணினிப் பலகைகளில் உள்ள தொடர்வாயில்கள், மின்னழுத்தச் சீராக்கிகள் முதலானவற்றுட் பல அவ்வாறு விடையளிப்பதில்லை. அவை எம்முகவரியில் உள்ளன, எவற்றோடு இணைக்கப்பட்டுள்ளன என்பவற்றை எவரேனும் எழுதிவைத்தல் வேண்டும். அவ்வெழுத்தே வன்பொருள் விவரணக் கோப்பாகும். அதனை எழுதுபவன் மனிதன். இறுதியில் வாசிப்பது பொறி. இவ்விரு சாராரின் தேவைகளும் எவ்வாறு இணக்கப்படுகின்றன என்பதை, ‘டிவைஸ் றீ’ எனப்படும் சாதன மர முறையைக் கொண்டு நோக்குவோம்.

இம்முறையின் வேர் சண் மைக்குரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் கணினிகளுக்கென ஆக்கிய தொடக்க மென்பொருளில் உள்ளது. அம்மென்பொருளின் அமைப்பு 1994ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 1275 என்னும் நியமமாயிற்று. பின்னர் பவர்பீசீ கணினிகளுக்கான லினக்ஸ் இதனை எளிமைப்படுத்தி ஏற்றது. ஆர்ம் வகைச் சில்லுகளிலோ, ஒவ்வொரு பலகையின் விவரமும் லினக்ஸ் கருவினுள்ளேயே நிரலாக எழுதப்பட்டுப் பெருகிவந்தது. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் அவ்விவரங்கள் படிப்படியாகச் சாதன மரக் கோப்புக்களுக்கு மாற்றப்பட்டன.

சாதன மரத்துக்கு இரு வடிவங்கள் உண்டு. ஒன்று மூல வடிவம். இதில் ஒவ்வொரு சாதனமும் ஒரு கணுவாகவும், அதன் இயல்புகள் பெயரும் பெறுமானமுங் கொண்ட பண்புகளாகவும் எழுதப்படும். குறிப்புரைகளுக்கும் அடையாளப் பெயர்களுக்கும் இதில் இடமுண்டு. மற்றையது, தொகுப்பியின் வழியாகப் பெறப்படும் இரும வடிவம். இதில் கணுவின் தொடக்கம் 1 என்னும் எண்ணாலும், முடிவு 2 என்னும் எண்ணாலும், பண்பு 3 என்னும் எண்ணாலும் குறிக்கப்படும். பண்புகளின் பெயர்கள் தனியிடத்தில் தொகுக்கப்பட்டிருக்கும். இயங்கத் தொடங்கும் கருவுக்கு இவ்வமைப்பு மிக வசதியானது. குறைந்த நிரலால் விரைவாக வாசிக்கத்தக்கது.

எனினும், இம்மாற்றத்தில் இழப்பு உண்டு. குறிப்புரைகள் முற்றாக மறைகின்றன. அடையாளப் பெயரால் ஒரு கணு மற்றொன்றைச் சுட்டிய இடத்தில் வழக்கமாக வெறும் எண்ணே எஞ்சுகின்றது. நான்கு பைற்றுகள் ஓர் எண்ணா, எழுத்துத் தொடரா என்று கூறும் குறியும் அங்கில்லை. இரும வடிவம் மட்டுமே கைக்கெட்டிய ஒருவர், பழைய பலகையொன்றைத் திருத்த விரும்பி அதனை மீள மூலமாக்கினால், மரத்தின் உருவத்தைப் பெறலாம். அதனை எழுதியவரின் காரணங்களைப் பெறல் இயலாது.

மூல வடிவத்திலும் இடர் இல்லாமலில்லை. ஆர்ம் சில்லுகளின் பொதுக் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திக்கு ‘0 29 4’ என மூன்று எண்களை எழுதுவதுண்டு. முதலாவது, பகிரப்படும் வகைக் குறுக்கீடு என்பதையும், மூன்றாவது, சைகை உயர்மட்டத்தில் நிற்கும்போது குறுக்கீடு நிகழும் என்பதையும் குறிக்கும். இவ்வகையின் எண்ணிக்கை 32இலிருந்து தொடங்குவதால், இங்கு 29 எனப்பட்டது கட்டுப்படுத்தியின் கணக்கில் 61 ஆகும். இதனை அறியாதவர் கையேட்டிற் கண்ட 61ஐ அப்படியே எழுதிவிடக்கூடும். இப்பொழுது முதலாம், மூன்றாம் எண்களுக்குப் பதிலாகப் பொருளுணர்த்தும் பெயர்களை எழுதுகின்றனர். தொகுக்குமுன் அவை எண்களாக மாற்றப்படுவதால் பொறிக்கு எவ்விதச் சுமையும் இல்லை, மனிதனுக்கோ பெருந்துணை.

இவ்வாறே, மின்னழுத்த எல்லையைக் கூறும் பண்பின் பெயரிலேயே மைக்குரோவோல்ற்று என்னும் அலகு சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும், 1800000 என எழுதவேண்டிய இடத்தில் 3300000 என எழுதினால் தொகுப்பி மறுப்பதில்லை. இரண்டும் இலக்கணப் பிழையற்ற எண்களே. 1.8 வோல்ற்றுக்குரிய சில்லு 3.3 வோல்ற்றைப் பெற்றுப் பழுதடையலாம்.

இக்குறையை ஓரளவு நீக்கவே, எக்கணுவில் எப்பண்புகள் இருக்கலாம், அவற்றின் எல்லைகள் யாவை என்பவற்றை உரைநடையில் விவரித்துவந்த ஆவணங்கள், அண்மைக் காலத்தில் யாம்ல் வடிவிலான விதிக்கோப்புக்களாக மாற்றப்பட்டு வருகின்றன. இவற்றை மனிதர் வாசிக்கலாம். பொறியும் இவற்றைக் கொண்டு மூலத்தைச் சோதிக்கலாம். ஆயினும், குறித்த பலகையில் ஒரு கம்பி உண்மையில் எங்கே செல்கின்றது என்பதை எவ்விதியும் அறியாது. அதனை மின்சுற்று வரைபடத்தோடு ஒப்பிட்டறிபவன் மனிதனே.

ஆகவே, சமநிலை என்பது மனிதனுக்கும் பொறிக்கும் அரைகுறையாகப் பொருந்தும் ஒரே கோப்பை ஆக்குவதன்று. பொறிக்கு இரும வடிவத்தைக் கொடுத்து, மூலத்தை முற்றாக மனிதனின் வாசிப்புக்கென ஒழுங்குசெய்வதே தக்கது என்பது நம் கருத்து. எண்ணுக்குப் பெயரும், அளவுக்கு அலகும், வழக்கத்துக்கு மாறான பெறுமானத்துக்குக் காரணங் கூறும் ஒரு வரியும் அதில் இடம்பெறல் வேண்டும். பொறி அவ்வரியை ஒருபோதும் வாசிக்காது; பின்வரும் பொறியியலாளரோ அதனையே முதலில் தேடுவார்.