கண்நோய்க்கு எந்தத் துளிமருந்து?

கண்நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் ஒருவரோடு நிற்பதில்லை. தங்கைக்கு வந்தது உம்மாவுக்கு வரும். இரண்டு நாளில் வகுப்பில் பக்கத்தில் இருப்பவளுக்கும் வரும். உடனே அலுமாரியில் கிடக்கும் பழைய துளிமருந்துப் போத்தலைத் தேடுகிறோம். அதற்குள் என்ன மருந்து இருக்கிறது என்று வாசித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

வைரஸ் கண்ணைத் தாக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வைரஸ் கலங்களுக்குள் புகுந்து பெருகுகிறது. அதை எதிர்த்து உடல் நடத்தும் போரினால் சிவப்பும் வீக்கமும் நோவும் உண்டாகின்றன. இதையே அழற்சி என்கிறோம். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் துளிகள் அழற்சியை அடக்கும். சிவப்பு விரைவாகக் குறைவதால் நோய் மாறிவிட்டது என்று நம்பிவிடுவோம். ஆனால் உடலின் எதிர்ப்பும் சேர்ந்தே அடங்குவதால் வைரசுக்கு அது வசதியாகிவிடும்.

வீடு வீடாகப் பரவும் கண்நோய்க்குப் பெரும்பாலும் அடினோ வைரசே காரணம். இது ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானாகவே மாறும். பலரும் பாமசியில் வாங்கும் குளோரம்பெனிக்கோல் பக்டீரியாவுக்கான மருந்து. வைரசை அது ஒன்றும் செய்யாது. கிருமிகொல்லியான பொவிடோன் அயடீனையும் டெக்ஸாமெதசோனையும் ஒரே துளியில் சேர்த்து ஆய்வாளர்கள் பரிசோதித்திருக்கிறார்கள். ஆயினும் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. (புண்ணுக்குப் பூசும் அயடீனை யாரும் கண்ணில் விட்டுவிடாதீர்கள்!)

உண்மையான ஆபத்து ஹேர்பிஸ் வைரசில் இருக்கிறது. உதட்டோரத்தில் கொப்புளம் போடும் அதே வைரஸ்தான். பெரும்பாலும் ஒரு கண்ணையே பிடிக்கும். கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில் மரக்கிளை வடிவில் புண் உண்டாக்கும். வைத்தியர் மஞ்சள் சாயமிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் அது தெரியும்; எங்கள் கண்ணுக்கு வெறும் சிவப்பாகவே தோன்றும். இந்தப் புண்ணில் ஸ்டீரொயிட்டை மட்டும் விட்டால் புண் பரவி, தழும்பு விழுந்து, பார்வையே குறையலாம். இதற்கு அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துதான் தேவை.

ஆனால் அதே ஹேர்பிஸ், படலத்தின் உட்பகுதியில் அழற்சியை உண்டாக்கினால் கதை மாறுகிறது. அமெரிக்காவில் 106 நோயாளரிடம் நடந்த ஓர் ஆய்வு 1994 இல் வெளியானது. எல்லாருக்கும் வைரஸ் எதிர்ப்புத் துளி கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும் பிரெட்னிசொலோன் துளியும் சேர்க்கப்பட்டது. இரண்டையும் பெற்றவர்களுக்கே அழற்சி விரைவாகத் தணிந்தது. ஸ்டீரொயிட்டைப் பத்து வாரங்களில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தினார்கள். தனியே கண்ணைக் கெடுக்கக்கூடிய மருந்து, துணை மருந்தோடு சரியான இடத்தில் கண்ணைக் காக்கிறது. எந்த இடம் என்பதைக் கண்ணைப் பரிசோதிப்பவரே சொல்ல முடியும்.

ஆகவே நோவு கூடினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மந்திகை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்கெனவே விட்ட மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். நோய் மாறும்வரை வுழூச் செய்தபின் துடைக்கும் துவாயும் சுருமாக் குச்சியும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.