முதலில் வீதி, பிறகு வீடு

வீடுகள் மாறினாலும் வீதிகள் எளிதில் மாறுவதில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் இன்றும் அருகருகே செல்லுகின்றன. அவற்றின் இருமருங்கிலும் பழைய வீடுகள் இடிந்தன, மாடிகள் எழுந்தன, சொத்துக்கள் கைமாறின. தெருக்களோ இடம் பெயரவில்லை. இடையிடையே குறுக்குத் தெருக்கள் இருப்பதால், ஒரு வழி அடைபட்டாலும் மற்றொரு வழியாகச் செல்லலாம். இவ்விணைப்பே நகரத்தின் உயிர்நாடி என்போம்.

1920-ம் வருஷத்து நகர அமைப்புச் சட்டத்தை அடுத்து, மாம்பலத்து ஏரியின் நீரை வடித்துத் தியாகராய நகரம் நிர்மாணிக்கப்பட்டது. ஏரியை இழந்தது நஷ்டமே. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், பனகல் பூங்காவை மையமாகக் கொண்டு அங்கே வீதிகள் ஓர் ஒழுங்குடன் வகுக்கப்பட்டன.

பிற்கால விஸ்தரிப்பின் முறை வேறு. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையை நோக்குங்கள். அதன் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். மேற்கே ஒரு பகுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். குறுக்கு வழிகளுக்கு இடம் சுருங்கிய அவ்விடத்திலும், மனை வியாபாரிகள் பலர் தத்தம் நில எல்லையோடு தெருவை நிறுத்தி, மதில் எழுப்பி, வாயிற்காவலும் வைத்துவிட்டனர். கூப்பிடு தூரத்திலுள்ள அடுத்த குடியிருப்புக்குப் போகவும் ராஜபாட்டைக்கு வந்து சுற்ற வேண்டியிருக்கிறது. பால் வாங்கப் போகிறவரும், சரக்கு லாரியும், நோயாளியை ஏற்றிய வண்டியும் ஒரே சாலையில் சிக்கித் தவிக்க நேரிடுகிறது.

சாலையை அகலப்படுத்தினால் போதும் என்பார் சிலர். நூறு வாய்க்கால்களின் நீரை ஒரே மடையில் திருப்பிவிட்டு, அம்மடையை மட்டும் அகலப்படுத்துவது அறிவுடைமையாகுமா? மேலும், வாகனமில்லாத ஏழைத் தொழிலாளிக்கே இதனால் கஷ்டம் அதிகம். வெயிலில் மதிலைச் சுற்றி நடப்பவன் அவனல்லவா?

2022-ல் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. அதனுள் வயல்களும் ஏரிகளும் கிராமங்களும் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. இன்று படத்தில் ஒரு தெருவை வரைவது சுலபம்; வீடுகள் எழுந்த பின் அதே தெருவைத் திறக்க ஜனங்களின் வீடுகளை இடிக்க நேரிடும். ஆகவே, நீர்நிலைகளுக்குத் தீங்கில்லாமல் முதலில் வீதிகளின் படம் வரையப்பட வேண்டும். அப்படத்தோடு இணையாத மனைப்பிரிவு எதற்கும் அநுமதி அளிக்கலாகாது.

மனை விற்றவர் பணத்துடன் போய்விடுவார்; முட்டுச்சந்து நம் பேரர்களுக்கு மிஞ்சும். நகரசபை அங்கத்தினர்களும் பொதுஜன ஊழியர்களும் இப்பிரச்னையை இன்றே தத்தம் வட்டாரத்தில் கிளப்புவார்களாக.