பீரோவில் உறங்கும் காமிரா

புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால் இன்று நம் கை தானாகவே செல்போனைத் தேடுகிறது. நம் பாட்டிமார் காலத்திலோ தலைவாரிப் பூச்சூடி ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த படக்காரர் "அசையாதீர்கள்" என்றதும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நம் தாய்மார் காலத்தில் 36 படங்களுக்கு ஒரு பிலிம் சுருள் வந்தது. அதைக் கழுவி வாங்கும்வரை, யார் கண்ணை மூடிக்கொண்டார் என்பது எவருக்கும் தெரியாது. பிலிம் காலத்துக்கும் செல்போன் காலத்துக்கும் நடுவே, சுமார் பதினைந்து ஆண்டுகள் ஒரு சிறிய கருவி வீடுகளில் உலவிற்று. அதுவே தொடக்ககால டிஜிட்டல் காமிரா. நம்மில் பலர் அதைக் கையில் பிடித்ததில்லை. ஆயினும் நம் அக்காமார், அண்ணன்மாரின் குழந்தைப் பருவத்தைப் படம் பிடித்தது பெரும்பாலும் அதுதான்.

பிலிம் இல்லாமல் படமெடுக்கும் காமிராவை முதலில் செய்து காட்டியவர், பிலிம் விற்றே செழித்த நிறுவனத்தின் பொறியாளர் என்பது வேடிக்கையல்லவா? அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடாக் நிறுவனத்தில் 1975-ஆம் ஆண்டு ஸ்டீவன் சாஸன் என்னும் இளைஞர் அதை உருவாக்கினார். எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஒரு படத்தை காசெட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. படத்தைக் காண தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். அதுவும் கறுப்பு வெள்ளைப் படம்தான்.

அதன் உள்ளே இருந்த கண், சி.சி.டி. எனப்படும் சில்லு. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தது அது. இதற்காக 2009-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அது வேலை செய்யும் விதம் எளிதே. மழை வரும்போது முற்றத்தில் கிண்ணங்களை வரிசை வரிசையாக வைப்பதாக எண்ணிக்கொள்வோம். மழை என்பது ஒளி. கிண்ணத்தில் சேரும் நீர் என்பது மின்னூட்டம். மழை நின்றதும் ஒவ்வொரு கிண்ணத்து நீரையும் அடுத்த கிண்ணத்துக்கு மாற்றி மாற்றி, வரிசையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து அளந்து எழுதுகிறோம். அந்த எண்களே படம். சாஸனின் காமிராவில் 100-க்கு 100 என 10,000 கிண்ணங்கள் இருந்தன. வண்ணம் வேண்டுமானால் கிண்ணங்களின் மேல் நிறக் கண்ணாடி போட வேண்டும். கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்த முறையில் நான்கு கிண்ணங்களில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். நுட்பமான விவரங்களை நம் கண் பச்சை ஒளியிலேயே அதிகம் காண்கிறது என்பதே காரணம்.

சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு இது இறங்கிவர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1994-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட க்விக்டேக் 100 காமிராவின் விலை 749 டாலர். அதில் நல்ல தரத்தில் எட்டே எட்டுப் படங்கள் அடங்கும்! எடுத்த படத்தைப் பார்க்கத் திரையும் இல்லை. அடுத்த ஆண்டு ஜப்பானின் காசியோ நிறுவனம் க்யூவி-10 என்ற காமிராவின் முதுகில் 1.8 அங்குலத் திரை ஒன்றைப் பொருத்தியது. படம் என்னவோ மங்கல்தான். ஆனால் எடுத்த மறுகணமே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். இது உலகுக்கே புதுமை. தபால்தலை போன்ற அத்திரையைப் பார்க்க நாலு தலைகள் முட்டிக்கொண்ட வழக்கம் அன்று தொடங்கியதே.

எமக்கு மிகவும் பிடித்தது 1997-இல் வந்த சோனி மாவிகாதான். அதில் படங்கள் கணினியின் பிளாப்பித் தட்டில் நேரே பதிந்தன. கம்பி வேண்டாம், தனி மென்பொருள் வேண்டாம். தட்டைக் கணினியில் செருகினால் போதும். உள்ளே தட்டு கரகரவென்று சுழல்வதே படம் பதிகிறது என்பதற்கு அடையாளம். அத்தட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்றைய செல்போன் படம் ஒன்றுகூடப் பெரும்பாலும் அதில் அடங்காது.

பின்னர் செல்போனிலேயே காமிரா வந்தது. சிறு காமிராக்கள் மறையலாயின. ஜப்பானியக் காமிரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள், 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கின. பிலிமை நம்பியிருந்த கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

ஆச்சரியம் என்னவென்றால், அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் நம் வயதுப் பிள்ளைகளே இப்பழைய காமிராக்களைத் தேடி வாங்குகின்றனர். சி.சி.டி. சில்லுக்கே தனி நிறம் உண்டு என்பது அவர்கள் வாதம். எமக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. நிறத்தைத் தீர்மானிப்பவை நிறக் கண்ணாடியும், எண்களைப் படமாக்கும் காமிராவின் கணக்கும்தான். முகத்தில் நேரே அடிக்கும் பிளாஷ், சிவந்த விழிகள், வெளுத்த வானம் ஆகியவற்றையும் சேர்த்தே அவர்கள் விரும்புகிறார்கள் போலும். அதைவிட, அட்டை நிறைந்துவிடும், பாட்டரி தீர்ந்துவிடும் என்ற அச்சத்தோடு எண்ணி எண்ணி எடுத்ததில் ஓர் அருமை இருந்தது. இன்று ஒரு மாலையில் இருநூறு படம் எடுக்கிறோம். எதைத் திரும்பப் பார்க்கிறோம்?

பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிலிம் நெகட்டிவை நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். காமிரா அட்டை அப்படியன்று. ஸ்மார்ட்மீடியா, எக்ஸ்டி போன்ற அட்டை வகைகள் வழக்கொழிந்துவிட்டன. அவற்றைப் படிக்கும் கருவிகளும் அரிதாகிவருகின்றன. பிளாப்பித் தட்டு விற்பனையை சோனி 2011-இல் நிறுத்தியது. அட்டைக்குள் படத்தைத் தாங்கி நிற்பதும் மின்னூட்டமே. ஆண்டுகள் செல்ல அது மெல்லக் கசியக்கூடும். எனவே பீரோவில் பழைய காமிரா இருந்தால் இந்த விடுமுறையிலேயே எடுத்துப் பாருங்கள். பென்சில் செல்கள் உள்ளே இருந்தால் கசிந்து அரித்துவிடும், உடனே அகற்றுங்கள். உப்பிய பாட்டரியைச் சார்ஜ் செய்தலாகாது. படங்களை இரண்டு இடங்களில் படியெடுத்து, முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்சிடுங்கள்.

எங்கள் இல்லத்தில் நேர்ந்ததைச் சொல்லியே இவ்வளவும் எழுதுகிறோம். தாத்தாவின் கடைசிப் பொங்கல் படங்கள் அம்மாவின் பழைய காமிராவில் இருந்தன. சார்ஜர் எங்கோ போயிற்று. அட்டையோ இப்போது எங்கும் விற்காத வகை. கடை கடையாகக் கேட்டு அலைந்தோம். இறுதியில் சித்தப்பாவின் அலுவலக நண்பரிடம் அதைப் படிக்கும் கருவி ஒன்று கிடைத்தது. 61 படங்களில் 57 திறந்தன.

அக்காமிராக்களில் பொத்தானை அழுத்தியபின் படம் விழ அரை விநாடி, ஒரு விநாடி தாமதமாகும். தாத்தா விறைப்பாக நின்று, எடுத்தாயிற்று என்று எண்ணி, பாட்டியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்போதுதான் படம் விழுந்திருக்கிறது. முகம் சற்றுக் கலங்கியுள்ளது; பாட்டியின் கை அவர் தோளில் இருக்கிறது. தாத்தா பல் தெரியச் சிரிக்கும் படம் எங்களிடம் வேறு இல்லை. ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிட்டு வந்தோம். பாட்டி அதைத் தம் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.