ஃபுளூ: கோள்கள் தந்த பெயர்

காய்ச்சல், இருமல், உடல்வலி ஆகியவற்றோடு வரும் தொற்றுநோயை ஆங்கிலத்தில் ‘ஃபுளூ’ என்று சுருக்கி வழங்குகின்றனர். இதன் முழு வடிவமாகிய ‘இன்ஃபுளுயென்சா’ இத்தாலிய மொழிச் சொல்லாகும். ‘உள்ளே பாய்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த இச்சொல், விண்மீன்களிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத பாய்மம் ஒன்று மண்ணுலகை நோக்கி வழிந்து மனிதரின் இயல்பையும் ஊழையும் மாற்றுகிறது என்ற இடைக்கால ஐரோப்பியச் சோதிடக் கருத்தைக் குறித்து நின்றது. ஒரே சமயத்தில் ஊரில் பலர் படுக்கையில் விழுந்தபோது, வேறு காரணம் தென்படாமையால், அதனைக் கோள்களின் வேலை என்று இத்தாலியர் கருதினர். நாளடைவில் காரணத்தின் பெயரே நோயின் பெயராயிற்று. 1743-இல் இத்தாலியிலிருந்து ஐரோப்பாவெங்கும் இந்நோய் பரவியபோது, அதனுடன் சொல்லும் ஆங்கிலத்துக்குள் புகுந்தது.

கோள்கள் மீதான பழியைத் துடைத்தது, ஒருவகையில், கீரியைப் போன்ற உருவமுடைய ஃபெரெட் என்னும் சிறு விலங்கே. 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், நோயாளியின் தொண்டை கழுவிய நீரை வடிகட்டி, பாக்டீரியாக்கள் நீங்கிய அந்த நீரை ஃபெரெட்டுகளின் மூக்கில் செலுத்தியபோது அவற்றுக்கும் நோய் கண்டதால், இதற்குக் காரணம் வைரஸ் என்பது தெளிவாயிற்று. பின்னர், நோயுற்ற ஃபெரெட் ஒன்று தம் முகத்தில் தும்மியதால் ஸ்மித்தும் நோய்வாய்ப்பட, அவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் அவருடைய பெயரின் முதலெழுத்துகளாலேயே ‘டபிள்யூ.எஸ்.’ என்று ஆய்வுக்கூடங்களில் வழங்கலாயிற்று.