மாணாக்கர்களும் சர்க்கார் காரியங்களும்

மாணாக்கர்கள் அரசியலில் பிரவேசிக்கலாமா, கூடாதா என்ற விவாதம் நம் நாட்டில் மிகப் பழையது. நாம் அதற்குள் இப்போது புக விரும்பவில்லை. கட்சிக் கொடி பிடிப்பது வேறு. சர்க்கார் தீர்மானம் ஒன்று எங்கே பிறக்கிறது, எந்தக் கணக்கைக் கொண்டு செய்யப்படுகிறது, அதை மாற்ற விரும்புவோர் எந்த வாசலில் சென்று எவ்விதம் பேசவேண்டும் என்று அறிவது வேறு. இந்த இரண்டாவது வித்தையை நமது கலாசாலைகள் கற்பிக்கின்றனவா என்பதே நமது கேள்வி.

சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். ஆடித்தபசுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் நெசவை நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம். விசைத்தறிக்கு உயிர் மின்சாரம். 2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது, தறிக்காரர்கள் முறையிட்டார்கள். 2023 மார்ச்சில், விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக அளிக்கும் மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது.

இவ்வூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையொருவன் அரசியல் சாசனத்தின் ஷரத்துக்களைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணியிருப்பான். ஆனால், தன் வீட்டுத் தறிக்கு மின்கட்டணம் விதிப்பவர் யார் என்று கேட்டால், 'சர்க்கார்' என்று சொல்லி நிறுத்திவிடுவான். அது பாதி விடையே. கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதைக் குறைத்துக் கொடுக்க மானியம் அளிப்பது மாநில சர்க்கார். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி, கட்டண விண்ணப்பத்தைப் பிரசுரம் செய்து, பொதுஜனங்களின் ஆட்சேபங்களை ஆலோசித்த பிறகே ஆணையம் உத்தரவிட வேண்டும். அதற்காகவே 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய இடங்களில் பகிரங்க விசாரணை நடந்தது. அத்தகைய சபைக்கு ஒருவன் வெறுங் கோபத்தோடு போவதும், தன் தெருவின் பத்து வீட்டு மின்சாரப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு போவதும் ஒன்றல்ல. கோபத்தைக் கேட்டு அதிகாரிகள் தலையசைப்பார்கள். கணக்குக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இதைப் பழக்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இலவச மின்சாரத்தின் பயன் தறி உடையவரோடு நின்றுவிடுகிறதா, கூலிக்கு நெய்பவரையும் எட்டுகிறதா என்று மாணாக்கர்கள் வீடு வீடாக விசாரிக்கட்டும். உத்தரவின் மூலத்தைப் படிக்கட்டும். மானியத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று வரவு செலவுத் திட்டத்தில் தேடட்டும். கிடைக்காத தஸ்தாவேஜை 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கட்டும். கட்டணம் பத்து ரூபாய். சாதாரணமாக 30 நாட்களுக்குள் விடை வரவேண்டும். வராவிடில் மேலதிகாரியிடம் அப்பீல் உண்டு. வக்கீல் தொழில் அறிந்தவர்கள் என்ற முறையில் நாம் ஒன்று சொல்வோம்: 'ஏன் செய்தீர்கள்?' என்று கேட்பவனுக்கு மறுப்பு வரும். 'இன்ன தேதியிட்ட உத்தரவின் நகலைக் கொடுங்கள்' என்று கேட்பவனுக்குக் காகிதம் வரும்.

'மனு எழுதி என்ன பயன்? சர்க்கார் செவிசாய்க்குமா?' என்று சிலர் கேட்பார்கள். இதே கேள்வியைப் புனாவில் ஓர் இளைஞர் தம் குருவிடம் கேட்டார். கேட்டவர் கோபாலகிருஷ்ண கோகலே. குரு மகாதேவ கோவிந்த ரானடே. சார்வஜனிக சபையின் சார்பில் அறிக்கைகளையும் எண்களையும் அலசி மகஜர்கள் தயாரிக்கும் வேலையில் ரானடே அவரைப் பழக்கினார். சர்க்காரிடமிருந்து இரண்டு வரிப் பதிலே வருகிறதே என்று கோகலே சலித்துக்கொண்டபோது, மகஜரின் மேல்விலாசம்தான் சர்க்காருக்கு, உள்ளே இருப்பதெல்லாம் ஜனங்களுக்கு என்ற கருத்துப்பட ரானடே விளக்கினார். ஜனங்கள் இவ்விஷயங்களில் சிந்திக்கப் பழகவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அந்தப் பயிற்சியின் பலனை 1902-இல் தேசம் கண்டது. இம்பீரியல் சட்டசபையில் கோகலே தமது முதல் பட்ஜெட் பிரசங்கத்தை நிகழ்த்தினார். கஜானாவில் மிகுந்த பணம் தேசத்தின் செழிப்பைக் காட்டவில்லை, ஏழைமீது வரி அளவுக்கு மிஞ்சியிருப்பதையே காட்டுகிறது என்று சர்க்காரின் கணக்கைக் கொண்டே நிரூபித்தார். மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903-இல் இரண்டு ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. அது ஒருவர் பேச்சால் மட்டும் நடந்ததென்று நாம் சொல்லோம். ஆனால் கணக்கறிந்தவர் பேச்சைத் தள்ளிவிடுவது எந்த சர்க்காருக்கும் எளிதல்ல.

அன்று அன்னியர் ஆட்சி. சட்டசபையில் நம்மவர் ஒரு சிலரே. இன்று வாக்கும் நமது; சர்க்காரும் நமது. ஆயினும் விசாரணை அறிவிப்புகள் நம் கண்ணில் படாமலே கழிகின்றன. கிராமசபைகளில் வாசிக்கப்படும் வரவு செலவைக் கேட்டுக் குறுக்குக் கேள்வி போட ஆளில்லை. இந்தக் குறைக்கு மாணாக்கர்களை நிந்திப்பது நியாயமன்று, நாம் கற்பிக்கவில்லை.

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கலாசாலை ஆசிரியர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. ஒவ்வொரு வகுப்பும் வருஷத்துக்கு ஒரே ஒரு சர்க்கார் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளட்டும்: தறிக்கு மின்சாரமாயினும், தெருவுக்குக் குடிநீராயினும் சரி. அதை ஆராய்ந்து, இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, உரிய இடத்தில் கொடுத்து, பதில் வரும்வரை விடாதிருக்கட்டும். பதில் சாதகமாக வராமற் போகலாம். ஆனால் அந்த வகுப்பிலிருந்து வெளிவரும் இளைஞனை ஒரு காகிதத்தைக் காட்டி மிரட்டி அனுப்புவது பிறகு ஒருவராலும் இயலாது.