கல்லுக்கு அடியில் இருக்கும் சாட்சிகள்

இலக்கிய அமர்வில் புழு பூச்சிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "இதில் வாசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நிறையவே இருக்கிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பூச்சியைப் பார்த்து வானத்தைக் கணிப்பது போல, பூச்சியைப் பார்த்து ஆற்றையும் அறியலாம். நான் வாழும் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை வைத்து இதைச் சொல்கிறேன்.

வில்ட்ஷயரில் தோன்றி, ரெடிங் நகரில் தேம்ஸுடன் கலக்கும் ஆறு கென்னட். சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் ஊற்றுநீர் என்பதால் கண்ணாடிபோல் தெளிவாக ஓடும். 2013 ஜூலையில், மார்ல்பரோ நகருக்குக் கீழே இந்த ஆற்றில் வழக்கமான கணக்கெடுப்புக்கு இறங்கிய தன்னார்வலர்களின் வலையில், எப்போதும் கூட்டமாக வந்து விழும் நன்னீர்க் கூனிகள் வரவில்லை. பூச்சிகளும் இல்லை. உடனே சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போனது. ஆய்வில் தெரிந்த காரணம் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக அது ஆற்றுக்குள் வந்திருந்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றின் அடித்தள உயிர்கள் அழிந்திருந்தன.

இதை முதலில் சொன்னது எந்தக் கருவியும் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆற்றிலிருந்து ஒரு குப்பி நீர் எடுத்துச் சோதித்தால், அந்த நிமிடத்து நீரைப் பற்றித்தான் தெரியும். நேற்றிரவு யாரோ கொட்டிய நஞ்சு காலைக்குள் ஓடிப்போயிருக்கும். தவிர, எந்த நஞ்சைத் தேடுகிறோமோ அதைத்தான் சோதனை காட்டும். ஆற்றின் அடியில் வாழும் பூச்சியோ எங்கும் போவதில்லை. மாதக்கணக்கில் அதே கல்லின் அடியில் கிடந்து, அந்த வழியே போன எல்லா நீரையும் தாங்குகிறது. ஆற்றின் சென்ற சில மாத வரலாறு அதன் உடம்பில் இருக்கிறது.

யார் இந்தச் சாட்சிகள்? மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை என்ற மூன்று பூச்சியினங்கள் முக்கியமானவை. தட்டானுக்கு இருப்பதுபோல் இவற்றுக்குத் தமிழில் பரவலான பெயர் நிலைபெறவில்லை. ஆகவே ஆங்கிலப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். மேஃப்ளையை ஒரே நாள் வாழும் பூச்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சிறகு முளைத்த பிறகு வரும் கணக்கு. அதற்கு முன், ஆற்றடி மணலில் வளை தோண்டி இரண்டு ஆண்டு வரை வாழும் வகைகூட உண்டு. கேடிஸ்ஃப்ளையின் புழுக்களில் பல, மணலையும் குச்சியையும் தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒட்டிக் கூடு செய்து, அதைச் சுமந்து திரியும்.

இவை நோய்வாய்ப்பட்ட ஆற்றில் ஏன் வாழ்வதில்லை? பெரும்பாலும் மூச்சுதான் காரணம். 10 டிகிரி குளிர்நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதில் சாக்கடையும் கலந்தால், கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மிச்ச ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். ஸ்டோன்ஃப்ளை முதலில் போகும். மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். கடைசியில் மிஞ்சுவது சிவப்புப் புழுக்கள். நம் இரத்தத்தைப் போலவே அவற்றிலும் ஹீமோகுளோபின் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைத்துக்கொள்ளும்.

இந்த வரிசையை ஜெர்மானிய அறிஞர்கள் கோல்க்விட்ஸும் மார்சனும் 1908, 1909 ஆண்டுகளிலேயே அட்டவணையாக்கினார்கள். பிற்பாடு பிரிட்டனில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் முறை வந்தது. ஸ்டோன்ஃப்ளைகளில் பல குடும்பங்களுக்கு 10; நன்னீர்க் கூனிக்கு 6; சிவப்புப் புழுக்களாக வளரும் கொசு போன்ற ஈக்களுக்கு 2; மண்புழு இனத்துச் சேற்றுப் புழுக்களுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் சராசரி தெரியும். இன்று அதைத் திருத்திய முறை வழக்கில் இருக்கிறது. இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதே வழியில், இந்திய ஆறுகளுக்கென்று 0 முதல் 10 வரையிலான அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது.

கணக்கெடுக்கும் முறை எளிமையானது. நீரோட்டத்துக்கு எதிராக வலையை ஊன்றி, அதன் முன்னால் நின்று, மூன்று நிமிடம் காலால் ஆற்றடியைக் கிளறுவார்கள். கிளம்பும் உயிர்கள் வலைக்குள் போகும். பின்பு வெள்ளைத் தட்டில் கொட்டி, எட்டு வகைகளை மட்டும் பிரித்து எண்ணுவார்கள். தூண்டிலில் மீன்பிடிப்பவர்களும் ஊர்க்காரர்களும் ஒரு நாள் பயிற்சியோடு மாதாமாதம் இதைச் செய்கிறார்கள். அந்தந்த இடத்துக்கு வகுத்த எல்லைக்குக் கீழே எண்ணிக்கை இறங்கினால், மறுபடி எடுத்து உறுதி செய்து அரசுக்குச் சொல்வார்கள். கென்னட்டில் வேலை செய்தது இந்த ஏற்பாடுதான்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஸ்டோன்ஃப்ளை இல்லாத ஆறெல்லாம் கெட்ட ஆறு என்று முடிவு கட்டக் கூடாது. வண்டல் படிந்து மெல்ல ஓடும் சமவெளி ஆற்றில் அது இயல்பாகவே இருக்காது. அந்த வகை ஆற்றில் எவை இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான், எவை இல்லை என்பதற்குப் பொருள் உண்டு. கூனி வழக்கமாக இருந்த இடம் என்று தெரிந்ததால்தான், அது இல்லாமல் போனது கென்னட்டில் செய்தியானது. பல மாதம் பொறுமையாக எண்ணி எழுதிவைத்த சலிப்பூட்டும் நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால், அன்றைய வெற்று வலை யாருக்கும் எதையும் சொல்லியிருக்காது.

நாம் எந்த நாட்டில் குடியிருந்தாலும் பக்கத்தில் ஓர் ஓடை இருக்கும். ஆழமில்லாத இடத்தில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் இருப்பவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை எடுத்த இடத்திலேயே, இருந்தபடியே திருப்பி வையுங்கள். அது ஒருவரின் வீடு. கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த மாதம் மறுபடி போங்கள். கேள்விகள் இருந்தால் பேசலாம்.