வீடு கட்டுமுன் மண்ணைக் கட்டுங்கள்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், பேராக்கில் ஒரு தோட்டத்தை ஒட்டிய மனைப் பகுதிக்குப் போயிருந்தோம். லயத்தை விட்டு வெளியேறியவர்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய மனைகள் அவை. மேட்டு மனையில் ஓர் அண்ணன் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். மண்வாரி இயந்திரத்தை ஒருநாள் வாடகைக்குப் பிடித்து, மனை முழுவதையும் புல் பூண்டு இல்லாமல் வழித்துப் போட்டுவிட்டார். மறுநாள் சாயங்காலம் மழை. ஒரு மணி நேர மழைதான். மேட்டிலிருந்து இறங்கிய செம்மண் குழம்பு, கீழ்மனையில் குடியிருக்கும் அவருடைய சொந்தத் தங்கையின் அடுப்படி வரைக்கும் போய்விட்டது. சாலையோர மதகுக் குழாய் பாதிக்குமேல் அடைத்துப் போச்சு.

நாம் போன நேரம் தங்கை வாளியும் மண்வெட்டியுமாக நின்றார். “வீடு அண்ணனுக்கு, மண்ணு அள்ளுறது நானா?” என்றார். அண்ணனோ, “மழை பெய்யிது, நான் என்னா செய்யட்டும்?” என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார். அந்தத் தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் பலகாரத் தட்டு போகவுமில்லை, வரவுமில்லை.

இந்த அண்ணன் முப்பது வருஷம் தோட்டத்தில் உழைத்தவர். மறுநடவுக் காட்டில் சரிவை வளைத்துப் படி வெட்டியவர். அதுதான் நமக்கு வருத்தம். மண்ணைப் பிடித்து நிறுத்தும் வித்தை அவருக்குத் தெரியாததா?

தோட்ட முதலாளிகளே இந்தப் பாடத்தை நட்டப்பட்டுத்தான் படித்தார்கள். சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில், ரப்பர் காட்டில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்று துரைமார் சுத்தமாகக் களை எடுக்கச் சொன்னார்கள். நம் பாட்டன் பாட்டிமார் முதுகொடியக் கொத்தினார்கள். மழை வந்து மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டு போனது. பிறகுதான் மண்குழி, வரப்பு, படிவெட்டு, பியுராரியா, கலப்போகோனியம் என்ற மூடுகொடிகள் எல்லாம் வந்தன. ரப்பரிலும் செம்பனையிலும் அவற்றைப் போட்ட கைகள் நம்முடையவை. வீட்டு மனைக்கும் அதே கணக்குத்தான், அளவுதான் சிறிது.

சிறிது என்று அலட்சியம் வேண்டாம். நாற்பதடிக்கு அறுபதடி மனையில் ஓர் அங்குல மண் கரைந்தால் இருநூறு கன அடி. தள்ளுவண்டியில் எழுபது எண்பது நடை அள்ள வேண்டும். அதை யார் அள்ளுவது என்பதில்தான் அண்ணன் தங்கை சண்டை.

ஆகவே இயந்திரத்துக்குச் சொல்லி அனுப்பும் முன்னே, ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக் கொண்டு மனையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மூலையில் இறங்குகிறது, அதற்குக் கீழே யார் வீடு? ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு வைத்துக் கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் திட்டம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை கடுமை. அந்த மாதங்களில் மண் வேலையைத் தொடங்காமலிருப்பதே பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

தொடங்கியே ஆக வேண்டுமென்றால், முழு மனையையும் வழிக்காதீர்கள். அஸ்திவாரம் வரும் இடத்தை மட்டும் திறந்து, கீழ்ப்பக்க எல்லையில் ஐந்தாறு அடிக்குப் பழைய புல்லை அப்படியே விடுங்கள். மேல்பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேட்டுத் தண்ணீர் மனைக்குள் நுழையாமல் ஓரமாகத் திருப்புங்கள். அடுத்த வீட்டுக்குத் திருப்பி விடாதீர்கள்! புல்தரைக்கோ பொதுக் கால்வாய்க்கோ போகட்டும்.

கீழ்ப்பக்கம் துணித்தடுப்பு. வன்பொருள் கடையில் கிடைக்கும் நெய்த துணியை ஆறடிக்கு ஒரு கம்பு நட்டுக் கட்டுகிறார்கள். பலர் செய்யும் தப்பு, துணியைத் தரையோடு தொங்கவிடுவது. தண்ணீர் அடியில் பூந்து போய்விடும். அரையடி ஆழம் சாலெடுத்து அடிப்பகுதியைப் புதைத்து மிதிக்க வேண்டும். கம்பு துணிக்குக் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும். இரண்டு முனைகளையும் மேட்டுப் பக்கமாகச் சற்று வளைக்க வேண்டும். ஓடும் கால்வாயின் குறுக்கே இதைக் கட்டாதீர்கள், முதல் மழையே பிடுங்கிவிடும். தடுப்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மண் சேர்ந்ததும் அள்ளிவிட வேண்டும்.

குழி வெட்டி வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். மணல் குழியில் சீக்கிரம் படிந்துவிடும். களிமண்ணின் நுண்ணிய தூசு நாள் கணக்கில் மிதந்து கொண்டே இருக்கும். கலங்கல் தண்ணீர் குழியைத் தாண்டி ஓடிவிடும். ஓடிய மண்ணைப் பிடிப்பதைவிட ஓடாமல் மூடி வைப்பது சுலபம். மழைத்துளி நேராக அடிக்காதபடி வெட்டிய சரிவை வைக்கோல், காய்ந்த புல், செம்பனை மட்டை எதையாவது போட்டு மூடுங்கள். மணல் குவியலைக் கால்வாய் ஓரத்தில் கொட்டாமல், கான்வசால் மூடிக் கல் வையுங்கள். லோரி நுழையும் வாசலில் ஜல்லி பரப்பினால் சக்கரத்து மண் சாலைக்குப் போகாது.

குழி வெட்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேங்கிய நீர் தெளிந்தால் ஏடிஸ் கொசு வரும். வாரம் தவறாமல் இறைத்துவிடுங்கள். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கொசு வளர்ப்பவருக்கு அபராதம் உண்டு.

மண் வேலைக்கும் சட்டம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவுப்படி, மண் வேலை தொடங்கும் முன் ஊராட்சி மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். குத்தகையாளர் “அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்பார். அனுமதித் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். மண் தடுப்பு யார் பொறுப்பு, எவ்வளவு வெள்ளி என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் மழை நாளில் அவர் போனை எடுக்க மாட்டார்.

சரிவு நிரந்தரமாக நிற்க வெட்டிவேரை நடலாம். ஆங்கிலக்காரன் அதற்கு வைத்திருக்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்தான். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பி. கே. யூன் இதை நம் நாட்டு மண்ணில் நட்டுப் பார்த்து 1991-இல் அறிக்கை எழுதியிருக்கிறார். சரிவுக்குக் குறுக்கே, அரையடிக்கு ஒரு தூராக வரிசை பிடிக்க வேண்டும். வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும்.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனோம். அண்ணன் மேல்பக்கம் வாய்க்கால் வெட்டிவிட்டார். துணித்தடுப்பும் நிற்கிறது. தங்கை வீட்டு மண்ணை அள்ள ஆள் கூலி கொடுத்தது அவர்தானாம். எல்லையில் வெட்டிவேர் நடத் தூர் பிரித்துக் கொண்டிருந்தவர் யாரென்று பார்த்தால், தங்கை. “மழைக்கு முன்னாடி பிடிச்சுக்குமா?” என்று நம்மிடம் கேட்டார். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக் கொள்ளும் என்றோம்.